டாஸ் திரைக்கு ஜன்னல் வந்த கதை

320ஐ 200ஆல் பெருக்கினால் 64,000. டாஸ் காலத்து விளையாட்டுகளில் பெரும்பகுதி இந்த 64,000 புள்ளிகளுக்குள்தான் ஓடியது, குதித்தது, சுட்டது, செத்து விழுந்தது. ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’வின் இளவரசன் தாவித் தாவிக் கடந்த கோட்டையும், ‘டூம்’ காட்டிய நரகமும் அந்த அளவுதான். இன்றைய சாதாரண மானிட்டரில் 1920க்கு 1080 என்ற கணக்கில் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள் இருக்கின்றன. டாஸ் படத்தை அதில் அப்படியே வைத்தால், தபால்தலை ஒட்டியதுபோல் முப்பத்திரண்டில் ஒரு பங்கு இடத்தில் ஒடுங்கிவிடும்.

பழைய டாஸ் புரோகிராம்களை இன்றைய கணினியில் ஓடவைக்கும் டாஸ்பாக்ஸ் போன்ற எமுலேட்டரை நிறுவியவர்கள் முதலில் கேட்பது, “விண்டோ ஏன் இவ்வளவு சின்னதா இருக்கு?” என்பது. அடுத்து, “அளவை மாத்தியும் ஏன் பெரிசாகல?” அதற்கும் அடுத்து, “ஓரமா வெச்சா ஏன் மறுபடி நடுவுக்கு ஓடுது?” மூன்றுக்கும் தீர்வு கான்ஃபிக் கோப்பின் ஓரிரு வரிகளில் கிடைத்துவிடும். அந்த வரிகள் ஏன் அப்படி விசித்திரமாக இருக்கின்றன என்று கேட்டால், கதை 1981 வரை பின்னால் போகிறது. டாஸுக்கு ஜன்னல் என்ற ஒன்றே தெரியாது. எந்த புரோகிராம் ஓடுகிறதோ, திரை முழுவதும் அதற்குச் சொந்தம். திரையில் எங்கே நிற்பது, எவ்வளவு இடம் எடுத்துக்கொள்வது என்ற யோசனை எந்த டாஸ் புரோகிராமின் உள்ளேயும் கிடையாது. பின்னாளில் வந்தவர்கள் ஆளாளுக்கு ஒரு காரணத்தோடு அதன் மேல் ஒரு சட்டகத்தை மாட்டினார்கள். இன்று தலைவலி தரும் இடங்களெல்லாம் அந்தச் சட்டகத்தின் மூட்டுகள்.

1981 ஆகஸ்ட் 12 அன்று ஐபிஎம், டாஸ் ஓடும் தன் பெர்சனல் கம்ப்யூட்டரை அறிவித்தது. திரைக்காக இரண்டு அட்டைகளை அது விற்றது. அலுவலகங்களுக்கு எம்டிஏ: எழுத்து மட்டும், படம் கிடையாது, 80 எழுத்து அகலம், 25 வரி உயரம். 80 என்ற எண் ஐபிஎம்முக்குப் புதிதல்ல. 1928இல் அது கொண்டுவந்த துளையட்டையிலேயே 80 பத்திகள் இருந்தன. இரண்டாவது அட்டை சிஜிஏ, வண்ணத்துக்கு. அதில் இருந்த நினைவகம் 16 கிலோபைட், துல்லியமாகச் சொன்னால் 16,384 பைட். நான்கு வண்ணங்களில் ஒன்றைக் குறிக்க ஒரு புள்ளிக்கு இரண்டு பிட் வேண்டும். அகலம் 320, உயரம் 200 என்று வைத்தால் மொத்தம் 16,000 பைட். கைக்கு அடக்கமாகப் பொருந்துகிறது. மிச்சம் 384 பைட்.

ஆனால் உயரம் 200 ஆனதற்கு நினைவகம் மட்டும் காரணமல்ல. சிஜிஏ அட்டையை வீட்டு டிவியிலும் இணைக்க முடியவேண்டும் என்று ஐபிஎம் நினைத்தது. அமெரிக்க டிவி ஒரு ஓட்டத்துக்குச் சுமார் 262 கோடுகள் வரையும். அதில் மேலும் கீழும் கொஞ்சம் பெட்டியின் விளிம்புக்குள் மறைந்துபோகும். எந்த டிவியிலும் வெட்டுப்படாமல் தெரியும் என்று நம்பக்கூடியது 200 கோடு. கணினியின் இதயத்துடிப்புகூட டிவியிடம் கடன் வாங்கியதுதான். அதன் படிகம் 14.318 மெகாஹெர்ட்ஸ், அதாவது அமெரிக்க வண்ண டிவியின் நிறச் சமிக்ஞையைப்போல நான்கு மடங்கு. அதை மூன்றால் வகுத்து வந்த 4.77 மெகாஹெர்ட்ஸில்தான் முதல் பிசியின் சில்லு ஓடியது.

ஆறு வருடம் கழித்து, 1987இல், பிஎஸ்/2 கணினிகளோடு விஜிஏ வந்தது. நிறங்கள் 256 ஆயின, ஒரு புள்ளிக்கு ஒரு பைட் ஆயிற்று. அளவு மட்டும் அதே 320க்கு 200. இந்த முறை காரணம் சில்லு. 8086 குடும்பம் நினைவகத்தை 65,536 பைட் கொண்ட துண்டுகளாகத்தான் பார்க்கும். 64,000 பைட் திரை ஒரே துண்டில் முடிந்துவிடுகிறது. எந்தப் புள்ளி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு பெருக்கலும் ஒரு கூட்டலும் போதும். விளையாட்டு எழுதியவர்கள் கணினியின் அடிப்படை மென்பொருளான பயாஸின் தயவை நாடாமல் நேராகத் திரையின் நினைவகத்துக்குள் கைவைத்து எழுதினார்கள். வேகம் கிடைத்தது. இடையில் நின்று “இந்தப் படத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாமா” என்று கேட்க யாருமில்லாத ஒரு பழக்கமும் வேரூன்றியது.

அளவைவிடச் சிக்கலானது வடிவம். 320க்கு 200 என்பது 16க்கு 10 என்ற விகிதம். ஆனால் அந்தக் கால மானிட்டர்கள் 4க்கு 3. படம் திரையை நிரப்ப ஒவ்வொரு புள்ளியும் செங்குத்தாக நீண்டாக வேண்டும். கணக்குப் போட்டால் அகலம் 1 என்றால் உயரம் 1.2. டாஸ் புள்ளி சதுரமல்ல. ஓவியர்கள் அந்த நீண்ட புள்ளியைப் பார்த்தபடியேதான் வரைந்தார்கள். வட்டமான நிலா வேண்டும் என்றால் கோப்புக்குள் கொஞ்சம் நசுங்கிய நிலாவை வரையவேண்டும்; மானிட்டர் அதை இழுத்து வட்டமாக்கிவிடும். அதே கோப்பை இன்றைய சதுரப் புள்ளித் திரையில் அப்படியே காட்டினால் ‘டூம்’ விளையாட்டின் கீழே தெரியும் அந்த முகம் தட்டையாக, மேலிருந்து யாரோ அமுக்கியதுபோல் தெரியும்.

போர்லாண்ட் நிறுவனத்தின் டர்போ சி தந்த கிராஃபிக்ஸ் நூலகத்தில் இதற்கென்றே ஒரு ஃபங்ஷன் இருந்தது. ‘கெட் ஆஸ்பெக்ட் ரேஷியோ’ என்று கேட்டால் புள்ளியின் அகல, உயர விகிதத்தைச் சொல்லும். உயரத்தின் மதிப்பு எப்போதும் 10,000. சிஜிஏ, அதையடுத்து வந்த இஜிஏ அட்டைகளில் அகலத்தின் மதிப்பு அதைவிடக் குறைவாக வரும். விஜிஏவின் 640க்கு 480 நிலையில் மட்டும் இரண்டும் சமம், ஏனென்றால் அங்கே புள்ளி சதுரம். ‘சர்க்கிள்’ என்று ஒரு வரி எழுதினால் வட்டம் வட்டமாகவே வந்ததற்குப் பின்னால் இந்தக் கணக்கு சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தது. கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் லேபில் அந்த வரியை எழுதிய மாணவர்களில் பெரும்பாலோருக்கு அதைப் பற்றிக் கவலைப்படவேண்டிய தேவை வந்ததே இல்லை.

எழுத்துத் திரையின் எல்லைகளை முதலில் இடித்துப் பார்த்தவர்கள் ரோமன் எழுத்தில் எழுதாதவர்கள். 1982இல் வெளிவந்த ஹெர்குலிஸ் அட்டையைக் கலிஃபோர்னியாவில் உருவாக்கிய வான் சுவன்னுகுல், தன் தாய்மொழியான தாய்லாந்து மொழியின் எழுத்துகளைப் பிசியில் காட்டவேண்டும் என்ற தேவையில்தான் அதில் இறங்கினார். எம்டிஏ போலவே தெளிவான எழுத்து, கூடவே 720க்கு 348 புள்ளிப் படம் என்று அது தந்ததால் உலகம் முழுவதும் விற்றது. இந்தியாவில் ஐஐடி கான்பூரில் தொடங்கி சி-டாக் வளர்த்தெடுத்த ஜிஸ்ட் அட்டை, 80க்கு 25 கட்டத்துக்குள் ஓடும் சாதாரண டாஸ் மென்பொருள்களிலேயே தமிழ் உள்ளிட்ட மொழிகளைக் காட்டியது. மலேசியாவில் முத்து நெடுமாறனின் ‘முரசு’ம் அந்த டாஸ் காலத்தில் பிறந்ததுதான். ஓர் எழுத்துக்கு ஒன்பது புள்ளி அகலம் என்று கட்டிவைத்த பெட்டிக்குள் ‘ணை’யையும் ‘ஞௌ’வையும் நுழைப்பது எப்படிப்பட்ட வேலை என்பதைத் தனியாக ஒரு கட்டுரையாகவே எழுதலாம்.

டாஸ் திரைக்குச் சட்டகம் மாட்ட ஆரம்பத்திலேயே முயன்றவர்களில் ஐபிஎம்மும் உண்டு. 1985இல் வந்த டாப்வியூ என்ற மென்பொருள், பல டாஸ் புரோகிராம்களை ஒரே நேரத்தில் திரையில் வைக்கப் பார்த்தது. எந்த புரோகிராம் எப்படி நடந்துகொள்ளும், திரையில் நேரடியாகக் கைவைக்குமா, எவ்வளவு நினைவகம் கேட்கும் என்றெல்லாம் முன்கூட்டியே எழுதிவைக்க அது ‘பிஃப்’ என்ற சிறு கோப்பைக் கொண்டுவந்தது. டாப்வியூ விற்கவில்லை. பிஃப் கோப்பு பிழைத்துக்கொண்டது. மைக்ரோசாஃப்ட் அதை விண்டோஸுக்குள் எடுத்துக்கொண்டது. 1987இல் விண்டோஸ்/386, 1990இல் விண்டோஸ் 3.0 என்று வந்தபோது, 386 சில்லு ஒவ்வொரு டாஸ் புரோகிராமுக்கும் தனித்தனியாக ஒரு பொய்யான கணினியைக் காட்டும் திறன் பெற்றிருந்தது. ஆல்ட் விசையோடு என்டர் அழுத்தினால் முழுத்திரை, மறுபடி அழுத்தினால் சிறு ஜன்னல். டாஸ்பாக்ஸ் இன்றும் அதே இரண்டு விசைகளுக்குத்தான் பதில் சொல்கிறது.

விண்டோஸ் 95இல் டாஸ் ஜன்னலின் அளவை மாற்ற எழுத்துருவின் அளவை மாற்றவேண்டும். இது கிறுக்குத்தனமாகத் தோன்றலாம். ஆனால் 80 எழுத்து, 25 வரி என்பது மாறாத விதி என்றால், ஜன்னல் பெரிதாக எழுத்து பெரிதாவதைத் தவிர வேறு வழி என்ன? 1993இல் வந்த விண்டோஸ் என்டி வேறு பாதையில் போனது. அதன் கன்சோல் பண்புகளில் ‘லேஅவுட்’ என்ற பக்கம் உண்டு. அளவுக்கு ஒரு பெட்டி, இடத்துக்கு ஒரு பெட்டி, “இடத்தைச் சிஸ்டமே பார்த்துக்கொள்ளட்டும்” என்று ஒரு டிக். அந்த அளவு ரெஜிஸ்ட்ரியில் 190050 என்ற பதினாறடிமான எண்ணாகச் சேமிக்கப்பட்டது. அதைப் பிரித்தால் 19 என்பது 25, 50 என்பது 80. 1928இன் துளையட்டை அங்கேயும் வந்து உட்கார்ந்திருக்கிறது.

பிறகு அடித்தளமே போனது. 2003இல் ஏஎம்டி கொண்டுவந்த 64 பிட் சில்லில், 64 பிட் முறையில் ஓடும்போது அந்தப் பழைய ‘பொய்க் கணினி’ வசதி வேலை செய்யாது. ஆகவே 64 பிட் விண்டோஸில் டாஸ் புரோகிராம் எதுவுமே தொடங்காது. 32 பிட் விஸ்டாவிலும் விண்டோஸ் 7இலும் தொடங்கும். ஆனால் புதிய வகை திரை டிரைவர் இருந்தால் முழுத்திரைக்குப் போகமுடியாது என்று ஒரு பெட்டி எழும்பி புரோகிராமை மூடச்சொல்லும்.

இந்த அறிவிப்பு உலகத்தில் எங்கேனும் அதிகம் வாசிக்கப்பட்டிருந்தால் அது இந்தியக் கல்லூரி லேப்களாகத்தான் இருக்கும். 1991இல் வெளிவந்த டர்போ சி++ 3.0 மற்ற நாடுகளில் அருங்காட்சியகத்துக்குப் போன பிறகும், தமிழ்நாட்டின் இன்ஜினீயரிங், கலை அறிவியல் கல்லூரிகளில் அன்றாடம் புழங்கியது. நீலத் திரை, மஞ்சள் எழுத்து, கோனியோ டாட் ஹெச், கெட்ச், சி டிரைவில் டர்போசி3 ஃபோல்டர் என்று ஒரு தலைமுறையே அதில் வளர்ந்தது. விண்டோஸ் எக்ஸ்பி இருந்தவரை ஆல்ட், என்டர் தட்டினால் திரை நிறைந்தது. விண்டோஸ் 7 லேப்டாப் வீட்டுக்கு வந்ததும் அது நின்றது. ரெக்கார்ட் நோட்டில் எழுதவேண்டிய புரோகிராம் இருக்கிறது, தேர்வில் கேட்பதும் அதே டர்போ சி, ஆனால் கணினி மறுக்கிறது. சீனியர்கள் பென் டிரைவில் வைத்துக் கொடுத்த தீர்வு டாஸ்பாக்ஸ். பழைய விளையாட்டுகளுக்காகப் பிறந்த எமுலேட்டர் இங்கே பாடத்திட்டத்தின் ஊன்றுகோலானது. ‘டேஞ்சரஸ் டேவ்’ விளையாட அதே ஜன்னல் உதவியது என்பதையும் மறைக்கவேண்டியதில்லை.

அந்த லேப்டாப்களில் அப்போது பரவலாக இருந்தது 1366க்கு 768 திரை. டாஸ்பாக்ஸ் திறந்ததும் வரும் ஜன்னல் 640க்கு 400, ஏறக்குறைய கால்வாசி. எழுத்தைப் படிக்கக் கண்ணைச் சுருக்கவேண்டும். மூலைகளைப் பிடித்து இழுத்தால் நகராது. ‘இனிட்கிராஃப்’ என்று கிராஃபிக்ஸுக்குப் போனால் ஜன்னல் தானாக 640க்கு 480 ஆகும், முடிந்ததும் மறுபடி 400க்குச் சுருங்கும். மவுஸ் ஜன்னலுக்குள் சிக்கிக்கொண்டால் வெளியே எடுக்கக் கன்ட்ரோல் விசையோடு எஃப்10 அழுத்தவேண்டும் என்று யாராவது சொல்லும்வரை, ஜன்னலை நகர்த்தக்கூட முடியாது என்றே பலர் நம்பியிருப்பார்கள்.

டாஸ்பாக்ஸ் 2002இல் வெளிவந்தது. நெதர்லாந்தைச் சேர்ந்த பீட்டர் வீன்ஸ்ட்ராவும் ஷூர்ட் வான் டெர் பெர்க்கும் தொடங்கிய வேலை அது. லினக்ஸில் அதற்குப் பத்து வருடம் முன்பே டாஸ்இமு இருந்தது. ஆனால் அது இன்டெல் சில்லின் உதவியை நம்பியது. டாஸ்பாக்ஸ் சில்லையே மென்பொருளாக எழுதிவிட்டது. ஆகவே அது எந்தக் கணினியிலும் ஓடும், 64 பிட்டானாலும் சரி. 2008இல் தொடங்கிய ஜிஓஜி நிறுவனம் பழைய விளையாட்டுகளை டாஸ்பாக்ஸோடு கட்டி விற்றது. 2015இல் இன்டர்நெட் ஆர்க்கைவ் 2,000க்கும் மேற்பட்ட டாஸ் விளையாட்டுகளை பிரவுசருக்குள்ளேயே ஓடவிட்டபோது, உள்ளே இருந்தது டாஸ்பாக்ஸின் ஒரு வடிவம்தான்.

விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடவேண்டும் என்பதால் திரை, ஒலி, விசைப்பலகை வேலைகளை டாஸ்பாக்ஸ் எஸ்டிஎல் என்ற நூலகத்திடம் ஒப்படைத்தது. சாம் லான்டிங்கா 1998இல் எழுதத் தொடங்கியது அது. விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸுக்குக் கொண்டுவந்த லோகி நிறுவனத்தில் அவர் வேலை பார்த்த காலத்தில் அது வளர்ந்தது. விளையாட்டுக்காரர்களுக்கு வேண்டியது முழுத்திரை. ஜன்னல் ஒரு சலுகை. அதன் 1.2 பதிப்பில் ஒரே ஒரு ஜன்னல்தான் திறக்கமுடியும். அந்த ஜன்னலைத் திரையின் இந்த இடத்தில் வை என்று புரோகிராமுக்குள்ளிருந்து சொல்ல ஒரு ஃபங்ஷன்கூடக் கிடையாது. டாஸ்பாக்ஸின் கான்ஃபிக் கோப்பில் ‘விண்டோ பொசிஷன்’ என்று ஒரு வரியைத் தேடி ஓய்ந்தவர்கள் குறைசொல்லவேண்டியது டாஸ்பாக்ஸை அல்ல. அடியில் இருக்கும் நூலகத்துக்கே அந்தச் சொல் தெரியாது.

எஸ்டிஎல் விட்டுவைத்த ஒரே பின்வாசல், சூழல் மாறிகள். எஸ்டிஎல் வீடியோ விண்டோ பாஸ் என்ற மாறியில் இரண்டு எண்களைக் காற்புள்ளியிட்டு எழுதினால் ஜன்னல் அங்கே திறக்கும். எஸ்டிஎல் வீடியோ சென்டர்ட் என்பதற்கு 1 என்று கொடுத்தால் நடுவில் திறக்கும். இதில் எளிதாகக் கால் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. டாஸ்பாக்ஸுக்குள்ளும் ‘செட்’ என்ற கட்டளை இருக்கிறது. அங்கே போய் இந்த மாறியை எழுதினால் எந்தப் பயனும் இல்லை. அது உள்ளே இருக்கும் பொய் டாஸின் மாறி. ஜன்னலோ அதற்கு முன்பே, வெளியே, நிஜ விண்டோஸில் திறந்தாகிவிட்டது. மாறியை வெளியே ஒரு பேட்ச் கோப்பில் எழுதி, அடுத்த வரியில் டாஸ்பாக்ஸைத் தொடங்கவேண்டும். நடுவில் வை என்று சொல்லிவிட்டால் அது நினைவில் வைத்துக்கொள்ளும். 400 உயரம் 480 ஆகும் ஒவ்வொரு முறையும் ஜன்னல் மறுபடி நடுவுக்கு வரும். கையால் ஓரமாக இழுத்துவைத்தது வீண். இரண்டு மானிட்டர் வைத்திருப்பவர்கள் இடது மானிட்டருக்கு மைனஸ் எண் கொடுத்திருந்து, பிறகு அதைக் கழற்றிவிட்டால், டாஸ்பாக்ஸ் ஓடும், சத்தம் கேட்கும், ஜன்னல் மட்டும் கண்ணுக்குத் தெரியாது. மாறியை அழித்தால் திரும்பி வந்துவிடும்.

அளவின் கதை இன்னும் சுவாரஸ்யம். 2010இல் வந்த 0.74 பதிப்புதான் பல வருடங்கள் உலகெங்கும் புழங்கியது; 2019இல் 0.74-3 வந்தபோதும் உள்ளமைப்பு அதேதான். அதன் கான்ஃபிக் கோப்பில் ‘விண்டோ ரெசல்யூஷன்’ என்று ஒரு வரி இருக்கிறது. 1280க்கு 960 என்று எழுதிச் சேமித்துத் திறந்தால் பழைய 640க்கு 400 ஜன்னலே வந்து நிற்கும். கோபம் வருவது நியாயம். ஆனால் அதே கோப்பின் குறிப்பு வரியிலேயே எச்சரிக்கை இருக்கிறது. திரையை வெளியிடும் சாதனம் ஹார்ட்வேர் வழியாகப் பெரிதாக்க முடிந்தால் என்று, ‘இஃப்’ என்ற நிபந்தனைச் சொல்லைப் பெரிய எழுத்தில் போட்டு, ‘சர்ஃபேஸ்’ அப்படிச் செய்யாது என்றும் சொல்லியிருக்கிறார்கள். ‘அவுட்புட்’ என்ற அடுத்த வரியின் ஆரம்ப மதிப்போ அந்த ‘சர்ஃபேஸ்’தான். சர்ஃபேஸ் என்பது புள்ளியை அப்படியே நினைவகத்திலிருந்து திரைக்குக் கொட்டும் எளிய வழி. 2002இன் கணினிகளில் எங்கும் வேலை செய்யும் என்ற உத்தரவாதம் அதற்கு இருந்தது. அதை ‘ஓப்பன்ஜிஎல்’ அல்லது ‘டிடிரா’ என்று மாற்றினால், கிராஃபிக்ஸ் அட்டை படத்தை இழுத்துக் கொடுக்கும். அப்போதுதான் மேலே எழுதிய 1280க்கு 960க்கு உயிர் வரும்.

மாற்றியும் ஒன்றும் நடக்கவில்லையா? அப்படியானால் மாற்றியது வேறு கோப்பு. டாஸ்பாக்ஸின் கான்ஃபிக் கோப்பின் பெயரிலேயே பதிப்பு எண் ஒட்டியிருக்கும். புதிய பதிப்பை நிறுவினால் புதிய கோப்பு உருவாகும். பழைய கோப்பு அதே ஃபோல்டரில், யாரும் படிக்காமல் கிடக்கும். அதோடு, தயாராகக் கட்டிவைத்த டர்போ சி தொகுப்புகளும் ஜிஓஜி விளையாட்டுகளும் தங்களுக்கென்று தனிக் கோப்புகளைக் கூடவே கொண்டுவருகின்றன. எது ஓடுகிறது என்று ஊகிக்கத் தேவையில்லை. விண்டோஸில் டாஸ்பாக்ஸ் திறக்கும்போது கூடவே ஒரு கறுப்புப் பெட்டி திறக்கும். எந்த இடத்திலிருந்து எந்தக் கோப்பைப் படித்தேன் என்று அது முழுப் பாதையோடு சொல்கிறது. இடைஞ்சல் என்று அந்தப் பெட்டியை மூடப் பார்ப்பவர்களே அதிகம்.

‘ஸ்கேலர்’ என்ற வரி இதிலிருந்து வேறானது. ஆரம்ப மதிப்பான ‘நார்மல் 2எக்ஸ்’ 320க்கு 200ஐ 640க்கு 400 ஆக இரட்டிக்கும். ஏற்கெனவே 640 அகலமுள்ள எழுத்துத் திரையைத் தொடாது. அதனால்தான் விளையாட்டும் கட்டளை வரியும் ஒரே அளவு ஜன்னலில் தெரிகின்றன. ‘நார்மல் 3எக்ஸ்’ என்று மாற்றினால் விளையாட்டு 960க்கு 600 ஆகும், எழுத்துத் திரை மட்டும் குறுகியே நிற்கும், ஜன்னல் போகும்போதும் வரும்போதும் துள்ளும். ‘ஆஸ்பெக்ட்’ என்ற வரியை ட்ரூ ஆக்கினால் 640க்கு 400 நிமிர்ந்து 640க்கு 480 ஆகும். டூம் முகம் தன் பழைய நீளத்தைப் பெறும். ஆரம்பத்தில் அது ஃபால்ஸ். ஆகவே ஒரு தலைமுறை முழுவதும் இந்த விளையாட்டுகளை நசுங்கிய நிலையிலேயே பார்த்துப் பழகிவிட்டது. திருத்தினால் அவர்களுக்கு உருவங்கள் இழுபட்டதுபோல் தெரிகிறது! ஒரே விளையாட்டுக்குள்ளேயே சில படங்களை நீண்ட புள்ளிக்கும் சிலவற்றைச் சதுரப் புள்ளிக்கும் வரைந்தவர்களும் உண்டு என்பதால், யார் சரி என்ற சண்டைக்கு முடிவு இல்லை.

சண்டையை எண்கள் இன்னும் மோசமாக்குகின்றன. 320க்கு 200ஐ 4க்கு 3 ஆக மாற்றும்போது, எந்தப் புள்ளியும் பக்கத்துப் புள்ளியோடு குழம்பாமல் இருக்கவேண்டுமானால், அகலத்தை ஐந்தாலும் உயரத்தை ஆறாலும் பெருக்கவேண்டும். அதற்கு வேண்டிய மிகச் சிறிய ஜன்னல் 1600க்கு 1200. உலகில் அதிகம் விற்ற 1080 உயர மானிட்டரில் அது 120 புள்ளி வித்தியாசத்தில் அடங்காமல் போகிறது. அங்கே கிடைப்பது 1440க்கு 1080. நாலரை மடங்கு, ஐந்தே கால் சொச்சம் மடங்கு. சில புள்ளிகள் தடித்தும் சில மெலிந்தும் வரும், அல்லது எல்லாம் கொஞ்சம் மங்கும்.

இதன் மேல் விண்டோஸ் ஒரு திரையைப் போர்த்துகிறது. எழுத்தைப் பெரிதாக்க 150 சதவீதம் என்று வைத்திருக்கும் 1920க்கு 1080 லேப்டாப்பில், பழைய எஸ்டிஎல்லுக்கு அது தெரியாது. விண்டோஸ் அதனிடம் திரை 1280க்கு 720தான் என்று சொல்லிவிட்டு, அது வரைந்ததைத் தானே ஒன்றரை மடங்கு இழுத்துக் காட்டும். அந்தக் கணினியில் 1280க்கு 960 ஜன்னல் கேட்டவர், நிஜத்தில் 1920க்கு 1440 கேட்டவராகிறார். டைட்டில் பட்டியோ கடைசி வரிகளோ திரைக்கு வெளியே போய்விடும். கோப்பின் பண்புகளில் கம்பாட்டிபிலிட்டி பக்கத்துக்குப் போய் ஹை டிபிஐ அளவை அப்ளிகேஷனே பார்த்துக்கொள்ளட்டும் என்று சொன்னால் இந்த இரட்டைக் கணக்கு நிற்கும்.

2013இல் எஸ்டிஎல் 2.0 வந்தபோது ஜன்னலைத் திறக்கும் ஃபங்ஷனே இடத்தையும் கேட்டு வாங்கியது. பின்னால் நகர்த்தவும் தனியாக ஒன்று கிடைத்தது. மூல டாஸ்பாக்ஸ் பழைய 1.2இலேயே நின்றுவிட, அதிலிருந்து கிளைத்தவை முன்னே போயின. டாஸ்பாக்ஸ்-எக்ஸ் கான்ஃபிக் கோப்பில் ‘விண்டோ பொசிஷன்’ என்ற வரியைச் சேர்த்தது. 2020 முதல் வெளிவரும் டாஸ்பாக்ஸ் ஸ்டேஜிங் அதையும் தந்து, 4க்கு 3 திருத்தத்தை ஆரம்பத்திலேயே இயக்கிவைத்து, முழு எண் மடங்குகளில் மட்டும் பெரிதாக்கும் வசதியையும் கொடுத்தது. மூலையைப் பிடித்து இழுத்தால் ஜன்னல் பெரிதாகிறது. சூழல் மாறி, பேட்ச் கோப்பு எதுவும் வேண்டாம்.

லினக்ஸில் மட்டும் கதை வேறு பக்கம் திரும்பியது. 2008இல் தொடங்கிய வேலண்ட், பழைய எக்ஸ் விண்டோ முறையின் இடத்தைப் பிடித்தது. 2016இல் ஃபெடோராவிலும் 2021இல் உபுண்டுவிலும் அதுவே இயல்புநிலையானது. வேலண்டில் சாதாரண ஜன்னல் எதுவும் தான் திரையில் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள முடியாது, அங்கே போகிறேன் என்று கேட்கவும் முடியாது. இடத்தை முடிவுசெய்வது டெஸ்க்டாப்பின் வேலை என்று அதை வடிவமைத்தவர்கள் வேண்டுமென்றே வைத்த விதி அது. ஆகவே அங்கே இடத்துக்கான எண்களை எவ்வளவு கவனமாக எழுதினாலும் ஜன்னல் அதைப் பொருட்படுத்தாமல் டெஸ்க்டாப் விரும்பிய இடத்தில் திறக்கிறது. அந்த எண்களுக்கு மதிப்பு வேண்டும் என்பவர்கள் எஸ்டிஎல்லை எக்ஸ்11 வழியாக ஓடச்சொல்லி ஒரு சூழல் மாறியை எழுதுகிறார்கள். அதையும் டாஸ்பாக்ஸுக்கு வெளியே, தொடங்குவதற்கு முந்தைய வரியில்தான் எழுதவேண்டும்.